தண்ணீர் இல்லாத படகுக் கண்காட்சி

சென்ற மாசி மாதம் எனக்கு ஒரு கனத்த தபால் உறை வந்தது. அனுப்பியவர் என்னிடம் இயற்பியல் படித்த மாணவர். இப்போது அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், சியாட்டில் நகரில், மனைவியோடும் நான்கு வயது மகளோடும் வசிக்கிறார். உறைக்குள் இருந்தவை அந்நகரின் படகுக் கண்காட்சியில் கொடுத்த வண்ண விளம்பரத் தாள்கள். கூடவே ஒரு கடிதம். "சார், ஒரு சிறு படகு வாங்கலாம் என்றிருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் தீவுகளைச் சுற்றி வர வேண்டும், சால்மன் மீனும் பிடிக்க வேண்டும். கண்காட்சியில் இரண்டு நாள் சுற்றி மூன்று படகுகளில் வந்து நிற்கிறேன். மூன்றுமே நன்றாக இருக்கின்றன. எதை வாங்குவது? ஆர்க்கிமிடீஸ் தத்துவம் நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்."

கடைசி வரியைப் படித்த பிறகு தப்பிக்க வழியில்லை. தாள்களை மேசைமேல் பரப்பினேன். இரண்டு மாலைகள் அவற்றோடு உட்கார்ந்த பிறகு எனக்குத் தோன்றியவற்றை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன். படகு வாங்கும் எண்ணம் உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஒரு விளம்பரத் தாளில் உள்ள எண்களை எப்படிப் படிப்பது என்பது எல்லோருக்கும் வேண்டிய ஒன்று.

சியாட்டில் கண்காட்சி 1947 முதல் நடந்து வருவது. குளிர்காலத்தின் நடுவில், பெரிய விளையாட்டரங்கை ஒட்டிய மண்டபத்தில் நூற்றுக்கணக்கான படகுகளைத் தாங்கிகள் மீதும் டிரெய்லர்கள் மீதும் ஏற்றி வைக்கிறார்கள். சில படகுகளை மட்டும் துறையில் மிதக்கவிட்டுக் காட்டுவதும் உண்டு. மண்டபத்தில் படிக்கட்டு வைத்திருப்பார்கள். ஏறிப் பார்க்கலாம், உட்காரலாம், படுக்கலாம், அடுப்பைத் திறந்து பார்க்கலாம். ஆனால் படகு அசையாது. இதுதான் என் முதல் குறை. படகின் குணம் என்று நாம் எவற்றைச் சொல்கிறோமோ, அவை எல்லாமே தண்ணீர் அதைத் தாங்கும்போதுதான் வெளிப்படும். தண்ணீரை நீக்கிவிட்டால் எஞ்சுவது ஒரு சிறிய வீடு. எனவே மக்களும் அதை வீடு பார்ப்பதுபோலவே பார்க்கிறார்கள். தலை இடிக்கிறதா, கட்டில் நீளம் போதுமா, சன்னல் பெரிதா என்றே கேட்கிறார்கள். செய்பவர்களும் அந்தக் கேள்விகளுக்கு ஏற்பவே படகைச் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள்.

நம் மாணவர் பொறுக்கிய மூன்றில் முதலாவது சி-டோரி 22. சியாட்டிலை அடுத்த ஊர்களிலேயே பிறந்து வளர்ந்த படகு. கண்ணாடியிழையால் ஆனது. 22 அடி நீளம், 7 அடி 8 அங்குல அகலம், முன்னால் ஒரு சிறு அறை, பின்னால் அவுட்போர்டு மோட்டார். அடிப்பாகம் முன்னே கூர்மையாக இருந்து, பின்னே போகப் போக ஏறக்குறையத் தட்டையாகிவிடுகிறது. இரண்டாவது நார்டிக் டக் 26. 26 அடிக்குச் சற்று அதிகமான நீளம், 9 அடி 6 அங்குல அகலம், உள்ளே டீசல் இயந்திரம், எடை சுமார் 3,400 கிலோ. துறைமுக இழுவைக் கப்பலைச் சிறுத்து வைத்தாற்போன்ற தோற்றம். அதன் தலைமேல் நிற்கும் புகைபோக்கி அழகுக்காக வைத்தது, அதில் புகை வருவதில்லை. மூன்றாவது சுமார் 22 அடி நீளமுள்ள திறந்த மீன்பிடி படகு. நடுவில் சுக்கான் மேடை, சுற்றிலும் நடந்து தூண்டில் போட இடம், பின்புறம் பெரிய மோட்டார், அடிப்பாகம் முழுவதும் ஆழமான வி வடிவம்.

மூன்று தாள்களிலும் ஒரே வகையான பட்டியல். நீளம், அகலம், எடை, எரிபொருள் கொள்ளளவு, அதிகபட்சக் குதிரைத்திறன், வேகம். ஒரே பட்டியல் என்பதாலேயே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

எடையை எடுத்துக்கொள்ளுங்கள். சி-டோரியின் எடை சுமார் 900 கிலோ என்று இருக்கிறது. இது உலர் எடை. அதாவது மோட்டார் இல்லை, பெட்ரோல் இல்லை, மனிதர் இல்லை. இனி நாம் ஏற்றிப் பார்ப்போம். 90 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று சுமார் 165 கிலோ. 150 லிட்டர் பெட்ரோல், அதன் அடர்த்தி நீரைவிடக் குறைவாதலால், சுமார் 110 கிலோ. குடிநீர் 60. நான்கு பெரியவர்கள் 300. நங்கூரம், சங்கிலி, மின்கலங்கள், சமையல் சாமான், துணிமணி, மீன்பிடிக் கருவிகள் எல்லாம் சேர்ந்து 150 என்று கொள்வோம். கூட்டினால் 1,685. தாளில் இருந்த படகு வேறு, நீரில் இறங்கப்போகும் படகு வேறு. இரண்டாவது படகு முதலாவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனமானது. நார்டிக் டக்கின் தாளிலோ எடை என்ற இடத்தில் இடப்பெயர்ச்சி எடை இருக்கிறது. இரண்டையும் அருகருகே எழுதி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பதில் பொருளில்லை.

இந்த வேறுபாடு வெறும் கணக்குப் புத்தக விவகாரம் அன்று. நீரைத் தொடும் பரப்பு சுமார் 10 சதுர மீட்டர் உள்ள படகில் 100 கிலோ ஏற்றினால் அது ஒரு சென்டிமீட்டர் தாழும். ஆர்க்கிமிடீஸ் சொல்வது அவ்வளவுதான். 800 கிலோ ஏற்றினால் 8 சென்டிமீட்டர். ஆனால் சுமை படகின் நடுவில் உட்காருவதில்லை. மோட்டாரும் பெட்ரோலும் மீன் பிடிக்கும் ஆட்களும் பின்புறத்தில்தான் சேருகிறார்கள். ஆகவே பின்புறம் இன்னும் அதிகமாகத் தாழும். மேல்தளத்தில் விழும் நீர் தானே வெளியேறுவதற்கென்று அங்கே வடிகால் துளைகள் வைத்திருப்பார்கள். "தானே வடியும் தளம்" என்று தாளில் பெருமையாக அச்சிட்டிருக்கும். துளை வெளிநீர் மட்டத்துக்கு மேலே இருந்தால் நீர் வெளியே போகும். மட்டம் துளைக்கு மேலே வந்துவிட்டால் அதே துளை வழியாக நீர் உள்ளே வரும். துளைக்குத் திசை தெரியாது. கண்காட்சி மண்டபத்தில் துளை தரையிலிருந்து நான்கடி உயரத்தில் இருக்கிறது. எவரும் குனிந்து பார்ப்பதில்லை.

பழைய படகுகளில் இது இன்னும் முக்கியம். இரு வீச்சு மோட்டார்கள் புழங்கிய காலத்தில் வரைந்த அடிப்பாகங்களில் இன்று அதைவிடக் கனமான நான்கு வீச்சு மோட்டார்களை மாட்டுகிறார்கள். படகின் வடிவம் மாறவில்லை, அதன் முதுகில் ஏறியவர் பெருத்துவிட்டார்.

வேகம் என்ற எண்ணும் இதே நோயால் பாதிக்கப்பட்டதுதான். நீரின் மேல் சறுக்கி ஓடும் படகுகளுக்கு க்ரவுச் சூத்திரம் என்று ஓர் அனுபவ விதி உண்டு. திறன் மாறாதிருக்கும்போது வேகம் எடையின் வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதம் என்பது அதன் சாரம். ஓட்டுபவர் ஒருவரும் கொஞ்சம் பெட்ரோலும் மட்டும் இருக்கையில் படகு சுமார் 1,180 கிலோ. அப்போது மணிக்கு 30 மைல் போனால், முழுச் சுமையில் ஏறத்தாழ 25 மைல்தான் போகும். இதில் மோசடி ஒன்றும் இல்லை. சோதனை எப்படி நடந்தது என்பதைத் தாளின் அடியில் சிறிய எழுத்தில் போட்டுத்தான் இருப்பார்கள். சிறிய எழுத்தை முதலில் படியுங்கள் என்பது வேதியியல் சோதனைச்சாலையில் புட்டிகளுக்குச் சொல்லும் அறிவுரை. இங்கும் பொருந்தும்.

அடிவயிற்றின் வடிவம்

இனி மூன்று படகுகளையும் உண்மையாகவே பிரிக்கும் விஷயத்துக்கு வருவோம். அது அடிப்பாகத்தின் வடிவம். பட்டியலில் பெரும்பாலும் கடைசி வரியில், ஒரு கோணமாக மட்டும் அது தலைகாட்டும்.

1929ஆம் ஆண்டில் தியோடர் வான் கார்மன் என்ற புகழ்பெற்ற அறிஞர் கடல் விமானங்களின் மிதவைகள் நீரில் இறங்கும்போது வாங்கும் அடியைக் கணக்கிட்டார். ஆப்பு வடிவமான ஒரு பொருள் நீரில் மோதும்போது அழுத்தம் இரண்டைப் பொறுத்தது. ஒன்று, மோதும் வேகத்தின் வர்க்கம். மற்றொன்று, ஆப்பின் பக்கங்கள் கிடைமட்டத்திலிருந்து எழும் கோணத்தின் கோடேன்ஜென்ட். கோணம் 24 டிகிரி என்றால் கோடேன்ஜென்ட் சுமார் 2.2. கோணம் 5 டிகிரி என்றால் 11.4. அதாவது ஐந்து மடங்கு அடி. நீச்சல் குளத்தில் கை குவித்துத் தலைகீழாகப் பாய்வதற்கும் வயிறு தட்டையாக விழுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. கிணற்றில் குதித்துப் பழகியவருக்குச் சூத்திரம் தேவையில்லை, வயிற்றைத் தடவிப் பார்த்தால் போதும்.

இந்த உண்மையைப் படகில் நிலைநாட்டியவர் ரே ஹண்ட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர். அவர் அடிப்பாகத்தின் வி வடிவத்தை முன்னிருந்து பின்வரை, சுமார் 24 டிகிரி அளவில், தட்டையாக்காமலே கொண்டுபோனார். அவ்வாறு செய்த 'மாப்பி' என்ற 30 அடிப் படகு 1960ஆம் ஆண்டு மயாமியிலிருந்து நசாவுக்கு நடந்த பந்தயத்தில், கொந்தளித்த கடலில், சுமார் 8 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்து வென்றது. அதன் வழியில் கண்ணாடியிழையில் பெர்ட்ராம் 31 என்ற படகு பிறந்தது. இன்று எந்த மண்டபத்திலும் வரிசையாக நிற்கும் மீன்பிடி படகுகள் அந்தக் குடும்பத்தின் பேரன்கள். நம் மாணவரின் மூன்றாவது படகும் அப்படியே.

அப்படியானால் ஆழமான வி வடிவமே சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாமா? கண்காட்சி விற்பனையாளர் அப்படித்தான் சொன்னாராம். நான் ஒப்பமாட்டேன்.

காரணம் இது. ஒரு மீன்பிடி படகு நாளில் எவ்வளவு நேரம் வேகமாக ஓடுகிறது? காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி. மற்ற நேரமெல்லாம் அது மெதுவாக ஊர்ந்துகொண்டோ நீரோட்டத்தோடு மிதந்துகொண்டோ இருக்கிறது. அந்த நேரத்தில் வேண்டியது நிலைப்பு. சாய்ந்த படகை நிமிர்த்தும் திறன் முதன்மையாக நீர்மட்டத்தில் படகுக்கு உள்ள அகலத்தின் கனத்தைப் பொறுத்தது. கனம் என்றால் மூன்றாம் அடுக்கு. ஆழமான வி வடிவப் படகு நிற்கும்போது அதன் பக்க விளிம்புகள் நீருக்கு மேலேயே இருந்துவிடலாம். அப்போது தாளில் உள்ள அகலம் வேறு, நீர் உணரும் அகலம் வேறு.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 1,700 கிலோ எடையுள்ள இரண்டு கற்பனைப் படகுகள். ஒன்றுக்கு நீர்மட்ட அகலம் 2 மீட்டர், மற்றதற்கு 1.7 மீட்டர். 300 கிலோ எடையுள்ள நான்கு பேர் நடுக்கோட்டிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி ஒரே பக்கமாக வருகிறார்கள். பெரிய மீன் ஒன்று மாட்டினால் எல்லோரும் அப்படித்தான் வருவார்கள், வராதே என்று சொன்னால் கேட்கமாட்டார்கள். முதல் படகு சுமார் 7 டிகிரி சாய்கிறது. இரண்டாவது சுமார் 14 டிகிரி. அகலம் 15 சதவிகிதம்தான் குறைந்தது, சாய்வு இரட்டித்துவிட்டது. மூன்றாம் அடுக்கு ஒரு காரணம். எடை மையத்தின் உயரத்தை அதிலிருந்து கழிக்க வேண்டியிருப்பது இன்னொரு காரணம். 14 டிகிரி சாய்வில் படகின் விளிம்பு ஏறக்குறைய கால் மீட்டர் கீழே இறங்கிவிடும். அந்நேரம் ஓர் அலை வந்தால் நீர் உள்ளே வரும். உள்ளே வந்த நீர் தாழ்ந்த பக்கமே ஓடும். தாம்பாளத்தில் தண்ணீர் நிரப்பி ஏந்தி நடந்தவர்களுக்கு அதன் பிறகு என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பிடித்த மீனை உயிரோடு வைக்கும் தொட்டியும் அரைகுறையாக நிரம்பியிருக்கும்போது இதே வேலையைச் செய்யும். அதைத் தாள்கள் ஒரு வசதியாக மட்டுமே சொல்கின்றன.

ஆக, ஓடும்போது மென்மை, நிற்கும்போது தள்ளாட்டம் என்பது ஆழமான வி. நிற்கும்போது திண்ணைபோல் உறுதி, அலையில் வேகமாக ஓடினால் முதுகெலும்பைப் பதம் பார்ப்பது தட்டை அடிப்பாகம். ஆனால் வான் கார்மனின் சூத்திரத்தில் வேகத்தின் வர்க்கமும் இருக்கிறதே, அதை மறக்கக் கூடாது. மோதும் வேகத்தைப் பாதியாக்கினால் அடி நாலில் ஒன்றாகும். ஐந்து மடங்கு அடியைச் சமாளிக்க வேகத்தைப் பாதிக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்தால் போதும். சி-டோரி மோசமான படகு என்று சொல்பவர்கள் அதை ஆழமான வி படகுபோல ஓட்டுபவர்கள். குறை படகில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா என்பது எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. சிறிய மோட்டாரில் சிக்கனமாகச் சறுக்குவதும் அதே தட்டை அடிப்பாகத்தின் கொடைதான்.

எண்ணெய்ப் பஞ்சத்தில் பிறந்த படகு

நார்டிக் டக் 26 வேறு வகையைச் சேர்ந்தது. லின் செனூர் வடிவமைத்தது. முதன்முதலாக 1980 ஜனவரியில் இதே சியாட்டில் கண்காட்சியில்தான் மக்கள் முன் வந்தது. ஆண்டைக் கவனியுங்கள். 1973-இலும் 1979-இலும் பெட்ரோலியம் விலை உலகையே உலுக்கியிருந்தது. குறைந்த எண்ணெயில் மெதுவாகப் போகும் படகுக்கு அப்போது திடீரென்று ஆட்கள் இருந்தனர்.

நீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகு தன் அலையைத் தானே உண்டாக்குகிறது. ஆழ்நீரில் அலையின் வேகம் அலைநீளத்தின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதம். படகு வேகமாகப் போகப் போக அதன் அலையும் நீண்டுகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் படகின் நீளத்துக்குச் சமமாகிவிடும். நீர்மட்டத்தில் 25 அடி, அதாவது 7.6 மீட்டர் நீளமுள்ள படகை எடுத்துக்கொண்டால் அந்த வேகம் விநாடிக்கு 3.4 மீட்டர், சுமார் 6.7 நாட். அதற்கு மேல் போக வேண்டுமானால் படகு தன் அலையின் மேட்டில் தானே ஏற வேண்டும். ஏறுவதற்கான திறன் மளமளவென்று உயரும்.

இந்த எல்லைக்குக் கீழே நின்றால் என்ன லாபம் என்று பாருங்கள். 3,400 கிலோப் படகு 6 நாட்டில் போக 10 குதிரைத்திறன் தாராளம். அது 7.5 கிலோவாட். டீசல் இயந்திரத்தின் பயனுறு திறன் 30 சதவிகிதம் என்றும், ஒரு லிட்டர் டீசலில் 36 மெகாஜூல் என்றும் கொண்டால் மணிக்கு 2.5 லிட்டர். கிலோமீட்டருக்குக் கால் லிட்டருக்கும் குறைவு. 90 குதிரைத்திறன் பெட்ரோல் மோட்டாரை முழுதாகத் திருகினால் அதே வகைக் கணக்கில் மணிக்கு 30 லிட்டர். மணிக்கு 25 மைல், அதாவது 40 கிலோமீட்டர் போனால் கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர். இரண்டு மடங்கு கனமான படகு மூன்றில் ஒரு பங்கு எண்ணெயில் போகிறது! மாணவர்கள் இதைக் கரும்பலகையில் போட்டுச் சரிபார்க்கலாம்.

ஆனால் இது படகின் பெயரில் உள்ள மகிமை அன்று. சி-டோரியையும் 5 நாட்டில் ஓட்டினால் அதுவும் சிக்கனமாகத்தான் இருக்கும். சிக்கனம் வேகத்தில் இருக்கிறது. நார்டிக் டக்கின் பின்னாள் மாதிரிகளில் பெரிய இயந்திரங்கள் வைத்தார்கள். அதன் அடிப்பாகம் பாதி சறுக்கும் வகையாதலால் எல்லையைத் தாண்டி ஓடவும் செய்யும். ஓடட்டும். அப்போது 1980-இல் அதை வாங்கியவர்கள் எதற்காக வாங்கினார்களோ அது கைவிட்டுப் போகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டாமா? தாள் அதைச் சொல்லவில்லை. வேகம், சிக்கனம் இரண்டையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, அவை ஒரே நேரத்தில் கிடைக்கும் என்ற எண்ணத்தை உண்டாக்குகிறது. இது என் இரண்டாவது பெரிய குறை.

மெதுவாகப் போவதற்கும் விலை உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள தீவுக்கு வேகப் படகு ஒரு மணி நேரத்தில் போகும். டக் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். சியாட்டிலின் குளிர்காலத்தில் மாலை நான்கரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. காற்று மாறுவதற்குள் ஓடித் துறை சேர்வதும் ஒரு பாதுகாப்பே.

அகலத்தைப் பற்றி ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் பெரும்பாலான சாலைகளில் தனி அனுமதி இல்லாமல் இழுத்துப் போகக்கூடிய அகலம் 8 அடி 6 அங்குலம். அதனால் டிரெய்லரில் போகும் படகுகளில் பல அந்த எண்ணிலேயே போய் முட்டிக்கொண்டு நிற்கின்றன. கடலுக்காகச் செய்த பொருளின் அகலத்தை நெடுஞ்சாலை விதி தீர்மானிக்கிறது. 9 அடி 6 அங்குல நார்டிக் டக்கைச் சனிக்கிழமை காலை காரில் மாட்டி இழுத்துக்கொண்டு கிளம்ப முடியாது. அதற்குத் துறையில் இடம் வாடகைக்குப் பிடிக்க வேண்டும். நம் மாணவர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர். ஆனால் இதை அவர் கடிதத்தில் குறிப்பிடவே இல்லை.

நீர் நிரம்பினால்?

இப்போது நான்கு வயதுக் குழந்தையின் நினைவு வருகிறது. சியாட்டிலை ஒட்டிய ப்யூஜெட் சவுண்டு என்ற கடல்கழியின் நீர் ஆண்டின் பெரும்பகுதி 7 முதல் 13 டிகிரி சென்டிகிரேடுதான். நம் மெரினாவின் நீர் அவ்வளவு குளிர்ந்ததில்லை. அங்கே விழுந்தவருக்கு முதலில் மூச்சு திணறும், சில நிமிடங்களில் கைகால்கள் சொன்னபடி கேட்கா. எனவே படகு நீர் நிரம்பிய பிறகும் மிதக்குமா, நிமிர்ந்து மிதக்குமா என்பதே நான் முதலில் கேட்கும் கேள்வி.

இதற்கு விடை கண்டு அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1958-இல் வந்த பாஸ்டன் வேலர் என்ற 13 அடிப் படகு இரண்டு கண்ணாடியிழைத் தோல்களும் நடுவில் இலேசான நுரைப் பிளாஸ்டிக்குமாகச் செய்தது. அதை உருவாக்கிய டிக் ஃபிஷர் 1961-இல் லைஃப் பத்திரிகையின் புகைப்படக்காரர் முன்னிலையில் படகில் உட்கார்ந்தபடியே அதை இரண்டாக அறுக்கச் செய்தார். இரண்டு பாதியும் மிதந்தன. விளம்பரம்தான், ஆனால் இயற்பியல் பொய்யில்லாத விளம்பரம். ஒரு கன மீட்டர் நுரையின் எடை 30 கிலோ அளவு என்றால் அது நீரில் 970 கிலோவைத் தாங்கும்.

நம் கட்டுமரத்தின் கொள்கையும் இதுவே. இலேசான மரங்களைச் சேர்த்துக் கட்டியது. அதன்மேல் அலை ஏறும், இடுக்குகள் வழியே வடிந்துவிடும். நிரம்புவதற்கு அதில் உள்ளிடம் என்று ஒன்று இல்லை. மண்டபத்தில் 'கேட்டமரான்' என்ற பலகையின் கீழ் நிற்கும் இரட்டை உடல் படகுகள் நம் சொல்லைத்தான் சுமக்கின்றன. பொருள் முற்றிலும் வேறாகிவிட்டது, அவற்றுக்கு நிரம்பும் உள்ளிடம் இரண்டு இருக்கிறது!

அமெரிக்காவில் 1971ஆம் ஆண்டின் படகுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 20 அடிக்குக் குறைந்த ஒற்றை உடல் மோட்டார் படகுகளில் எத்தனை பேர், எத்தனை எடை ஏற்றலாம் என்று பொறித்த தகடு இருக்க வேண்டும். நீர் நிரம்பிய பின்னும் மிதக்கும் ஏற்பாடும் வேண்டும். நல்ல சட்டம். ஆனால் கோடு 20 அடியில் நிற்கிறது. 16 அடித் திறந்த படகுக்குத் தகடு உண்டு. குடும்பமே படுத்துறங்கும் 22 அடிப் படகுக்குச் சட்டப்படி வேண்டியதில்லை. சில நிறுவனங்கள் தாமாகவே ஒட்டுகின்றன. ஐரோப்பாவில் முறை வேறு. அங்கே படகுகளை எந்தக் காற்றுக்கும் அலைக்கும் உகந்தவை என்று நான்கு வகையாகப் பிரித்து, ஆட்களின் எண்ணிக்கையோடு தகட்டில் பொறிக்கிறார்கள். மூன்றாம் வகை என்றால் 2 மீட்டர் அலை வரை. வாங்குபவருக்கு இது எவ்வளவோ மேல். நம் மாணவர் அனுப்பிய மூன்று தாள்களிலும் குளிர்பெட்டியின் கொள்ளளவு இருக்கிறது. நீர் நிரம்பினால் என்ன ஆகும் என்பது ஒன்றிலும் இல்லை.

உயரமான அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மண்டபத்தில் ஆறடி மனிதர் நிமிர்ந்து நின்று மகிழ்கிறார். அதே அறையின் பக்கவாட்டுப் பரப்பு 8 சதுர மீட்டர் என்றால், 20 நாட் காற்று அதை ஏறக்குறைய 50 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். கனமான படகு பொறுத்துக்கொள்ளும், இலேசான படகு துறையில் கட்டும்போது பக்கவாட்டில் நழுவும்.

இவற்றையெல்லாம் எழுதி மாணவருக்கு அனுப்பினேன். மூன்றாவது படகு வேண்டாம் என்றேன். குழந்தையோடு மழையிலும் குளிரிலும் திறந்த படகில் போவதற்கு எந்தச் சூத்திரமும் உதவாது. நார்டிக் டக் அருமையான படகு, ஆனால் துறை வாடகை இல்லாமல் அது இல்லை. எனவே சி-டோரி, அதுவும் அலை எழுந்தால் வேகத்தைக் குறைக்கும் மனம் இருந்தால் மட்டும் என்று எழுதினேன். பணம் கொடுக்குமுன் விற்பவரிடம் கேட்க மூன்று கேள்விகளும் குறித்தேன். முழுச் சுமையில் வடிகால் துளை நீருக்கு மேலே எத்தனை சென்டிமீட்டர்? நான்கு பேர் ஒரு பக்கம் வந்தால் விளிம்பு எவ்வளவு இறங்கும்? நிரம்பினால் மிதக்குமா?

பதில் கடிதம் சென்ற வாரம் வந்தது. முதல் கேள்விக்கு விற்பவர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய்த் துறையில் மிதந்த படகு ஒன்றில் அளந்தே சொன்னாராம். இரண்டாவதற்கு, நீங்களே நான்கு பேரை அழைத்து வாருங்கள் என்றாராம். மூன்றாவதற்குத் தொழிற்சாலைக்கு எழுதிக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை படகை நீரில் ஓட்டிப் பார்க்க நாள் குறித்திருக்கிறார்கள். நீரோட்டத்துக்கு எதிராக மிதமான காற்று வீசும் நேரமாகப் பார்த்துப் போகும்படியும், அப்போதுதான் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும் என்றும், முதல் நாள் மகளைக் கரையில் அம்மாவோடு விட்டுப் போகும்படியும் எழுதியிருக்கிறேன்.